நலம்புரியின் பெருங்காவலர்

பட்டர்வொர்த்தில் ஒரு பையன் இருக்கிறானாம். எதிர்காலத்தில் உலகம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று இளையோருக்காக யாரோ எழுதிய ஒரு கதைப் புத்தகத்தைப் படித்து முடித்த கையோடு, சாப்பாட்டு மேசையில் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்த தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, உங்கள யாரு தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டானாம். பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் சீனி முகம்மதுவின் தேநீர்க் கடையில் இதைச் சொன்னவர் நேரில் பார்த்தவர் இல்லை. அவருடைய மைத்துனர் ஃபெரிப் படகில் வரும்போது பக்கத்தில் நின்றவர் சொல்லக் கேட்டாராம். பையன் பெயர் தெரியாது. அப்பன் பெயரும் தெரியாது. அந்தக் கேள்வி மட்டும் கடலைத் தாண்டிப் பினாங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சிவகுருநாதன் சிரிக்கவில்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, வெயிலில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

அன்புள்ள வாசகரே, நாம் பார்க்கப்போகும் இனம் இதுதான். 'நல்லதுக்குத்தான்'காரர் என்று இதற்குப் பெயர். இது இல்லாத தெரு கிடையாது. குரலை உயர்த்தமாட்டார். கை நீட்டமாட்டார். குடி, சீட்டு, குதிரைப் பந்தயம் எதுவும் இல்லை. சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் வீட்டில் கொடுப்பார். குறை சொல்ல ஒரு மூலை அகப்படாது. அதுதானே பெரிய தொல்லை? கெட்டவனோடு சண்டை போடலாம். உங்கள் நன்மையைத் தவிர வேறு எதையும் நினைக்காத மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

சிவகுருநாதன் இந்த இனத்தின் முதல் தரம். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, பினாங்கில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக உயர்ந்தவர். ஆங்கிலத்திலும் படித்தவர், தமிழிலும் படித்தவர்; ஆகவே இரண்டு மொழிகளில் கவலைப்படத் தெரியும். காலையில் வானொலியில் கொழும்புச் செய்தி கேட்டு ஒரு தவணை, மாலையில் தெருவோரத்து மூடியில்லாத வாய்க்கால்களைப் பார்த்து ஒரு தவணை. தன் கண்ணுக்கு முன்னால் இல்லாத எதுவும் பத்திரமாக இருக்காது என்பது அவர் கண்ட உண்மை. ஊரில் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்த வீடு அப்படித்தான் போயிற்று. அன்றிலிருந்து சாவிகளை அவர் பிறரிடம் கொடுப்பதில்லை.

அவர் வீட்டில் காலைப் பத்திரிகையை முதலில் அவர்தான் படிப்பார். படித்து, வீட்டாருக்கு உதவாத செய்திகளைச் சிறு கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுத் தருவார். மனைவி நல்லம்மா கைக்கு வரும்போது அது சன்னல் கம்பி போல இருக்கும், அதன் வழியே எதிர்வீட்டுக் கோழிகளைப் பார்க்கலாம். தொலைக்காட்சியின் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போவார். டுரியான் பருவத்தில், பழம் கெட்டிருக்கிறதா என்று குடும்பத்தின் சார்பில் முதலில் தானே தின்று பார்ப்பார். பரிசோதனை திருப்தியாக முடியும்போது ஒரு சுளை மிஞ்சும். தீவையும் பட்டர்வொர்த் கரையையும் இணைக்கும் புதுப் பாலம் திறந்து ஓராண்டு ஆகியிருந்தது, பினாங்கே கெரேத்தா, அதுதான் கார், எடுத்துக்கொண்டு அதன்மேல் போய் வந்துவிட்டது, அவர் போகவில்லை. "புதுசு. கொஞ்சம் பழகட்டும்" என்பார். பாலமா, இவரா, யார் பழக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

தொலைபேசிக்கு மட்டும் இரட்டைக் காவல். எண் சுழற்றும் தட்டில் ஒரு குட்டிப் பூட்டு. சாவி குமிழோடு அதே சட்டைப் பையில். வெளியே இருந்து வரும் அழைப்புக்குப் பூட்டு கண்டுபிடிக்கப்படாததால், அதற்கு ஒரு சட்டம்.

"நான் இல்லாத நேரம் ஒருத்தரும் எடுக்கப்படாது. வீட்டில ஆம்பிளை இல்லை எண்டு கண்டவனும் தெரிஞ்சு கொள்ளுவான்."

"அவசரம் எண்டால்?" என்று நல்லம்மா ஒருமுறை கேட்டார்.

"அவசரம் எண்டால் நானே வந்து சொல்லுவன்."

"நீங்களே அடிச்சால்?" இது மகள் அருந்ததி.

"நான் அடிச்சாலும் எடுக்கப்படாது. என்ட குரலில கதைச்சு ஏமாத்துவாங்கள், பிள்ளை. எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

சட்டம் போட்டால் போதுமா, சோதிக்க வேண்டாமா? அலுவலகத்திலிருந்து அவ்வப்போது வீட்டுக்குத் தானே அழைத்துப் பார்ப்பார். மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். காதில் அந்தச் சத்தத்தை, கச்சேரியில் நல்ல ஆலாபனை கேட்பவரைப் போல, கண்ணை மூடிக் கேட்பார். அன்று மாலை வீட்டுக்கு ஐஸ்கிரீம் வரும்.

இப்படிப்பட்டவர் காதில்தான் அந்தப் பையனின் கேள்வி விழுந்தது. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுமுன், "பிள்ளை, நீ இப்ப என்ன வாசிக்கிறாய்?" என்றார்.

"ஒண்டும் வாசிக்கேல்லை அப்பா. எழுதுறன்."

வாசிப்பதற்கே பயந்தவர். எழுதுகிறாளாம்! நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பட்டர்வொர்த்தில் ஓர் இளைஞர் வாசகர் வட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கதைப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு: 'வரக்கூடாத நாளை'. வெற்றி பெறும் கதை வட்டத்தின் ஆண்டு மலரில் வரும். எழுதியவர் மேடையில் நின்று வாசிக்க வேண்டும். அருந்ததிக்கு வயது பதினேழு. அடுத்த ஆண்டு இந்தக் கதவு மூடிவிடும். பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். இந்த வீட்டிலிருந்து எதுவும் அப்பா படிக்காமல் வெளியே போகாது என்பதால், மறைக்கவும் இல்லை. தாள்களை அடுக்கி நீட்டினாள்.

"சும்மா கதைலா அப்பா."

"வீட்டுக்குள்ள இந்த ஊர் 'லா' வேண்டாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை எண்ணெய் முழுக்குக்குப் பிறகு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். இந்த வகைக் கதைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு, உங்களுக்குத் தெரியாததா? உலகம் ஏற்கெனவே அழிந்திருக்கும். ஒரே ஒரு நகரம் மிஞ்சியிருக்கும். சுற்றி உயர்ந்த மதில். உள்ளே எல்லாரும் ஒரே நிறச் சட்டை. அத்தனை பேரில் ஒரு பெண்ணுக்கு மட்டும் சந்தேகம் வரும். அவளுக்குத் தலைவாரக்கூட நேரம் இருக்காது, ஆனால் நகரத்தையே கவிழ்க்க நேரம் இருக்கும். அருந்ததியின் நகரத்துக்குப் பெயர் நலம்புரி. அதை ஆள்பவர் பெருங்காவலர்.

அந்தக் கேள்வி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதோ என்று பயந்து பயந்து படிக்கத் தொடங்கிய சிவகுருநாதனின் முகம், இரண்டாம் பக்கத்தில் தெளிந்தது. மூன்றாம் பக்கத்தில் மலர்ந்தது. நலம்புரியில் செய்தித்தாள்கள், மக்களின் மனம் நோகாதபடி, ஓட்டைகளோடு அச்சாகின. சரி என்று ஒரு சிவப்புக் கோடு. பழங்களை எல்லாம் பெருங்காவலர் முதலில் தின்று பார்த்த பிறகே மக்களுக்குக் கொடுத்தார்கள். சரி. பொழுது சாய்ந்தால் சங்கு ஊதும். ஊதிய பிறகு, யார் வந்து எந்தக் குரலில் கூப்பிட்டாலும் கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது. சரி, சரி!

"நல்லம்மா! இஞ்ச வாரும்! உம்மட மகள் கெட்டிக்காரி. என்ன ஒரு ஊர்! களவு இல்லை, விபத்து இல்லை, ஒரு சளி காய்ச்சல்கூட இல்லை. உப்பிடி ஒரு இடம் இருந்தால் நான் நாளைக்கே பெட்டியைக் கட்டுவன்."

நல்லம்மா கதையை முன்பே கேட்டவர். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஆனா பிள்ளை," சிவகுருநாதன் பென்சிலால் தாளைத் தட்டினார், "உந்தப் பெட்டை ஏன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரியுது? அவளுக்கு என்ன குறை?"

அருந்ததி அவரையே பார்த்தாள். "அதுதான் அப்பா கதை."

"பெருங்காவலரைப் பற்றி இன்னும் ரெண்டு நல்ல வார்த்தை போடலாம். பாவம், மனுசன் நித்திரைகூடக் கொள்ளுறேல்லை."

"போட்டிருக்கிறன் அப்பா. கெட்டவர் எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லை. வடிவாப் பாருங்கோ."

பார்த்தார். உண்மைதான். பெருமிதத்தோடு கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கேதான் இடித்தது.

கடைசிப் பக்கத்தில், மதிலின் வெளிப்புறம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெருங்காவலர் தானே வெளியே போகிறார். பார்த்துக்கொண்டிருக்கையில் சங்கு ஊதிவிடுகிறது. கதவைத் தட்டுகிறார். காவலர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். "குரல் அவருடையது மாதிரி இருக்கிறதே" என்கிறான் ஒருவன். "அப்படித்தான் நம்மை ஏமாற்றுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்" என்கிறான் மற்றவன். சந்தேகக்காரப் பெண் தாழ்ப்பாளுக்கு அருகே உட்கார்ந்திருக்கிறாள். தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான். கதை முடிந்தது.

"உதென்ன முடிவு? திறக்கினமோ இல்லையோ?"

"தெரியாது அப்பா."

"எழுதின உனக்கே தெரியாதோ? அதோட, நடக்கிற காரியமே? அந்தளவு பாடுபட்ட மனுசனை வெளியில விடுவாங்களே?"

"முடிவை மட்டும் தொடாதீங்கோ அப்பா." அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "மற்ற எதை வேணுமெண்டாலும் வெட்டுங்கோ. முழுக்கதையும் அந்தக் கதவுக்காகத்தான் எழுதினது."

பட்டர்வொர்த் பையனின் அந்தக் கேள்வியை அவளும் கேட்டுவிடுவாள் என்று சிவகுருநாதன் ஒரு கணம் காத்திருந்தார். கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிம்மதியாக மூச்சு விட்டார். பிள்ளை வளர்ப்பு சரியாக இருக்கிறது.

மறுநாள் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் புதிய முடிவு பிறந்தது. அதில் கதவு உடனே திறக்கிறது. மேளம் முழங்குகிறது. சந்தேகக்காரப் பெண் பெருங்காவலரின் காலில் விழுந்து அழுகிறாள். அவளைத் தூக்கி நிறுத்தி, ஒழுக்கம், சிக்கனம், கொதித்தாறிய தண்ணீர் ஆகியவை பற்றி அவர் மூன்று பக்கத்துக்குச் சொற்பொழிவாற்றுகிறார். பிறகு எல்லாருக்கும் லட்டு. அடித்து முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தபோது, லட்டு வரும் இடத்தை அவரே இன்னொரு முறை படித்தார்.

மகளின் கையெழுத்தில் இருந்த பழைய கடைசிப் பக்கத்தைக் கிழித்தாரா? இல்லை. இந்த இனம் எதையும் கிழிக்காது. மடித்துத் தோள்பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

போட்டிக்குக் கதை கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை. தபாலை நம்பலாமா? ஃபெரியில் தானே கொண்டுபோனார். புறப்படும்போது வாசலில் அருந்ததி நின்றாள். தடித்த உறையைப் பார்த்தாள். பக்கங்கள் கூடியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஃபோன் அடிச்சால்...?" என்று வழக்கம்போல் கேள்வியை அந்தரத்தில் விட்டார்.

"எடுக்கமாட்டம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வாசகர் வட்டத்தின் அலுவலகம் பட்டர்வொர்த் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. வட்டத்தின் செயலாளர் அந்தோணிராஜ், நாற்பது வயதுப் பள்ளி ஆசிரியர். மேசையில் கதைகள், ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு தொலைபேசி. உட்காரச் சொல்லிவிட்டு அங்கேயே படிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் சிரித்தார். பழம் தின்னும் இடத்தில் மேசையைத் தட்டினார்.

"அண்ணே, இந்தப் பெருங்காவலரு சூப்பரா வந்திருக்காருலா. பக்கத்துல இருந்து பாத்து எழுதுன மாதிரி இருக்கு."

"ஓம். நல்ல நிர்வாகி."

அந்தோணிராஜ் மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒருமுறை அவரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். அந்த வெயில் நாளில் மடித்து வைத்திருந்த மழைச் சட்டையைப் பார்த்தார். சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு குமிழையும் பார்த்தார். பிறகு இருமினார், அது நீண்ட இருமலாக இருந்தது. கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் இருமல் நின்றது.

"இது யாரு எழுதுனது?"

"கொஞ்சம் திருத்தினனான். நல்லதுக்குத்தான்."

"கொஞ்சமா? அண்ணே, போட்டி பதினெட்டு வயசுக்குக் கீழ. இந்தச் சொற்பொழிவுக்கே அம்பத்தஞ்சு வயசு இருக்கும்போல! பேரன் பேத்தி எடுத்திருக்கும்லா."

"அப்ப ஏற்கமாட்டீங்களோ?"

"பிள்ளையோட சொந்த முடிவு இருக்குமே? அதைக் குடுங்க, இப்பவே வாங்கிக்கறேன்."

"அது சரிவராது."

அந்தோணிராஜ் நாற்காலியில் சாய்ந்தார். கண்டிப்பானவர் இல்லை, ஆனால் நல்ல கதை ஒன்று கையில் வந்து வழுக்கிப்போவதைப் பார்க்கப் பிடிக்காதவர். "தாப்பா, பரவாயில்ல அண்ணே, ஒண்ணு செய்யலாம். இந்தா ஃபோன். வீட்டுக்கு அடிங்க. எழுதுன பிள்ளையே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும், எது என் முடிவுன்னு. அது சொல்றத எடுத்துக்கறேன். ஆனா அஞ்சு மணிக்கு நடுவர் வந்து கதைக் கட்டைத் தூக்கிட்டுப் போயிடுவாரு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சிவகுருநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா? அவர் மகள் அவர் சொன்னதைத்தானே சொல்வாள்! தொலைபேசியை முன்னால் இழுத்தார். தட்டில் பூட்டு இல்லாத தொலைபேசியைப் பார்த்து, 'என்ன கவலையீனம்' என்று மனதுக்குள் கண்டித்துக்கொண்டே எண்ணைச் சுழற்றினார்.

மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். உதட்டில் புன்னகைகூட வந்தது. "எடுக்கமாட்டினம்" என்று அந்தோணிராஜிடம் பெருமையோடு சொன்னார். "நான் இல்லாட்டி ஒருத்தரும் தொடமாட்டினம். அப்பிடி வளர்த்திருக்கிறன்."

"அப்ப எப்படிண்ணே பேசறது?"

புன்னகை அப்படியே நின்றது.

வைத்துவிட்டு மறுபடி சுழற்றினார். வீட்டில் என்ன நடக்கிறது என்று அங்கே இருப்பது போலவே அவருக்குத் தெரிந்தது. முன்னறையில் தொலைபேசி அலறுகிறது. நல்லம்மா அரிசி களைந்த கையோடு வந்து நிற்கிறார். அருந்ததி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பாவாயிருக்குமோ?" என்கிறாள். "அப்பாதான். சோதிச்சுப் பார்க்கிறார். எடுத்தியோ, கெட்டுது போ" என்கிறார் நல்லம்மா. இருவரும் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று மாலை ஐஸ்கிரீம் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. *அப்படித்தான் நம்மை ஏமாற்றுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.* நடக்காத காரியம் என்று அடித்துப்போட்ட முடிவுக்குள், குடையும் மழைச் சட்டையுமாகத் தான் நின்றுகொண்டிருப்பதை, இரண்டு மொழிகளில் படித்த அந்த மனிதர் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார். ஓட்டைப் பத்திரிகை நினைவுக்கு வந்தது. பழம் நினைவுக்கு வந்தது. தான் தன் கையால் போட்ட சிவப்புச் சரிக்கோடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தோணிராஜின் இருமல்கூட இப்போது புரிந்தது.

"யாராவது எடுங்கோவன்" என்றார், தொலைபேசியிடம்.

வாழ்நாள் முழுக்கச் சொல் கேட்கும் குடும்பத்தை வேண்டியவர், அந்தச் சைக்கிள் கடை மாடியில், இரண்டு பேரில் ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, தன் சொல்லைக் கேட்காமல் இருக்கமாட்டாரா என்று நல்லூர்க் கந்தனை வேண்டினார். அருந்ததியையே நினைத்தார். கெட்டிக்காரி. எதிர்காலத்தையே கண்டுபிடித்து எழுதத் தெரிந்தவள். இந்தச் சின்ன விஷயம் தெரியாதா? கையை நீட்டு பிள்ளை. நீட்டு.

தூரத்தில், படகுத்துறையில் ஃபெரியின் கூவல் கேட்டது. மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம், நடுவராக இருக்கலாம். ஒரு கையால் கருவியைக் காதோடு பிடித்தபடி, மறுகையைத் தோள்பைக்குள் விட்டு, மடித்து வைத்திருந்த அந்தக் கையெழுத்துப் பக்கத்தை எடுத்து, மேசைமேல் வைத்து, மடிப்பை நீவி விட்டார். தட்டச்சுத் தாள்களை மட்டும் உருவி மடியில் வைத்துக்கொண்டார். அந்தோணிராஜ் பக்கத்தை எடுத்துக் கதையோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

"இனி வச்சிடலாம்லா அண்ணே. வேலை முடிஞ்சது."

சிவகுருநாதன் தலையை ஆட்டினார். வைக்கவில்லை.

சிரிக்கிறீர்கள், வாசகரே. உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை. குமிழைக் கழற்றுவதில்லை, பழத்தை மட்டும் நல்ல பக்கம் பார்த்து நீங்கள் வெட்டித் தருகிறீர்கள், அவ்வளவுதான். பத்திரிகையில் ஓட்டை போடுவதில்லை, சில பக்கங்களை மட்டும் சத்தமாகப் படிப்பதில்லை. நல்லது. இதைப் படித்து முடித்ததும் வெளியே எங்காவது போய், உங்கள் வீட்டுக்கு ஒரு அழைப்புப் போட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எத்தனை நேரம் கழித்து எடுக்கிறார்கள், எடுக்குமுன் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

டத்தோ கிராமாட்டில், சாவி இல்லாத அந்த வீட்டின் முன்னறையில், மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.